உதகைக் குளிருக்கு வீட்டை ஆயத்தப்படுத்தல்: கரிச்சட்டியா, கணப்பா, மின்ஹீட்டரா?

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, மேகமில்லாத இரவுகள் தொடங்கும்போதுதான் நீலகிரியில் உண்மையான குளிர்காலம் பிறக்கிறது. மேகம் மூடிய இரவில் தரையின் வெப்பம் முழுவதும் மேலே போய்விடாமல் தடுக்கப்படுகிறது. மேகம் விலகி, காற்றும் அசையாமல் நின்றுவிட்டால், குளிர்ந்து கனத்த காற்று சரிவுகளிலிருந்து இறங்கிப் பள்ளங்களில் தேங்குகிறது. உதகையில் குதிரைப் பந்தயத் திடலும் காந்தலும் தலைக்குந்தாவும் விடியற்காலையில் உப்பைத் தூவியதுபோல் வெளுத்துக் கிடக்க, அதே நேரத்தில் மேட்டுத் தெருக்களில் வெறும் நீர்ப்பனி மட்டும் இருப்பதற்கு இதுவே காரணம். ஆகவே குளிருக்கு வீட்டை ஆயத்தப்படுத்த நினைப்பவர் முதலில் பார்க்க வேண்டியது தம் வீடு மேட்டில் இருக்கிறதா, பள்ளத்தில் இருக்கிறதா என்பதை. 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள உதகையின் பள்ளத்தில் இருப்பவருக்குத் தேவைப்படும் ஏற்பாடுகளில் பாதிகூட, ஏறத்தாழ 1,850 மீட்டரில் உள்ள குன்னூரில் சரிவின் மேல் இருப்பவருக்குத் தேவைப்படாமல் போகலாம்.

சமவெளியிலிருந்து இங்கே குடிவருபவர்கள், குறிப்பாக வயதான பெற்றோரை உடன் அழைத்து வருபவர்கள், ஐப்பசி பிறந்ததும் கேட்கும் முதல் கேள்வி எந்த ஹீட்டர் வாங்கலாம் என்பதுதான். நானும் என் அம்மாவைப் பாளையங்கோட்டையிலிருந்து அழைத்து வந்த ஆண்டில் அதையேதான் கேட்டேன். மூன்று குளிர்காலங்களைக் கடந்த பிறகு எனக்குத் தெளிவாகியிருப்பது, அதற்கு முன் முடிவு செய்ய வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது என்பது. வீட்டுக்குள் எதையாவது எரித்துச் சூடேற்றப் போகிறோமா, அல்லது வீட்டை இறுக மூடி உள்ளிருக்கும் சூட்டைக் காக்கப் போகிறோமா? எரிப்பதானால் புகையும் வாயுவும் வெளியேற வழி வேண்டும். மூடுவதானால் உள்ளே எதுவும் எரியக் கூடாது. இரண்டையும் ஒரே அறையில் செய்வது உயிருக்கு ஆபத்து. இந்த ஒன்றைத் தீர்மானித்துவிட்டால், மற்ற ஒப்பீடுகள் எல்லாம் பணக் கணக்காகவும் வசதிக் கணக்காகவும் எளிதாகிவிடும்.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. முதல் மார்கழியில் நாங்கள் இருந்தது தகரக் கூரையும் அதன் கீழே மரப்பலகை சீலிங்கும் உள்ள ஒரு வாடகை வீடு. அம்மாவின் அறை பத்தடிக்குப் பன்னிரண்டடி. சுவரில் மாட்டியிருந்த வெப்பமானி விடியற்காலை ஐந்து மணிக்கு 9 டிகிரி காட்டியது. பக்கத்து வீட்டில் இருந்த முதிய பெண்மணி மிகுந்த அன்போடு ஓர் இரும்புச் சட்டியையும் அரை மூட்டை அடுப்புக்கரியையும் கொண்டுவந்து கொடுத்தார். "வாசல்ல வெச்சுப் பத்த வெச்சு, புகையெல்லாம் அடங்கினதும் உள்ள எடுத்துட்டுப் போயிடு தம்பி. நாங்க எல்லாம் இதுலதான் வளந்தோம்" என்றார். அவர் சொன்னபடியே செய்தேன். கரி சிவந்து, மேலே வெண்சாம்பல் படர்ந்து, புகையின் சுவடே இல்லாமல் அழகாகக் கனன்றது. அறையும் அரை மணி நேரத்தில் இதமாகிவிட்டது. சற்று நேரம் கழித்து அம்மா, "தலையெல்லாம் பாரமா இருக்குய்யா, கொமட்டிக்கிட்டு வருது" என்றார். குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று எண்ணி இன்னொரு கம்பளியைப் போர்த்திவிட்டேன். எனக்கும் நெற்றிப்பொட்டில் வலி தொடங்கியபோதுதான் ஏதோ சரியில்லை என்று தோன்றி, அவரைக் கைத்தாங்கலாக வெளித்திண்ணைக்கு அழைத்து வந்தேன். அங்கே வாந்தி எடுத்தார். வெளிக்காற்றில் ஒரு மணி நேரம் உட்கார்ந்த பிறகே தெளிந்தார். அந்த இரவில் நான் முன்னதாகவே தூங்கிப்போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை இன்றும் நினைத்துப் பார்க்க அஞ்சுகிறேன்.

கரி கனலும்போது உண்டாகும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின் ஆக்சிஜனைப் பற்றிக்கொள்வதைவிட இருநூறு மடங்குக்கும் மேலான வலுவோடு இந்த வாயுவைப் பற்றிக்கொள்கிறது. அதனால் காற்றில் சிறிதளவு இருந்தாலும், நேரம் செல்லச் செல்ல உடலுக்குப் போக வேண்டிய ஆக்சிஜன் குறைந்துகொண்டே வரும். தலைவலி, குமட்டல், அசதி, தூக்கம் என்று வரிசையாக வரும் அறிகுறிகளைக் குளிரின் விளைவு என்றோ பயணக் களைப்பு என்றோ நினைத்துவிடுவது மிக எளிது. புகை அடங்கிவிட்டது என்பது ஆபத்து அடங்கிவிட்டது என்பதற்கு அடையாளமே இல்லை. உதகையிலும் கொடைக்கானலிலும் சுற்றுலா வந்தவர்கள் சமைத்து முடித்த கரியடுப்பை அறைக்குள் வைத்துக்கொண்டு தூங்கி, மறுநாள் எழாமல் போன செய்திகள் நாளிதழ்களில் மீண்டும் மீண்டும் வருகின்றன.

பக்கத்து வீட்டுப் பெண்மணி சொன்னதில் பொய் எதுவும் இல்லை. அவர் வளர்ந்த வீட்டில் ஓட்டுக்கும் ஓட்டுக்கும் இடையே வானம் தெரிந்திருக்கும். கதவுப் பலகைகளின் இடுக்கு வழியே காற்று வந்து போயிருக்கும். சட்டியில் உண்டான வாயு அந்த ஓட்டைகள் வழியே வெளியேறியிருக்கும், கூடவே சூடும்தான். அலுமினிய ஜன்னலும் ரப்பர் பட்டையும் வந்துவிட்ட இன்றைய அறைக்கு அந்தப் பழக்கம் பொருந்தாது. எனவே கரிச்சட்டியை மற்ற வழிகளோடு ஒப்பிடவே நான் ஆயத்தமாக இல்லை. திறந்த முற்றத்தில் நாலு பேர் சுற்றி உட்கார்ந்து கைகாய்ச்சிக்கொள்ள அது நல்லது. தூங்கும் அறைக்குள் அதற்கு இடமில்லை.

புகைபோக்கி உள்ள கணப்பு, அதாவது சுவரோடு சேர்த்துக் கட்டிய விறகு நெருப்பிடம், வேறு வகை. கோயம்புத்தூர் ஆட்சியராக இருந்த ஜான் சல்லிவன் 1820களில் உதகையில் கல் பங்களா கட்டிய காலத்திலிருந்து, வெள்ளையர் கட்டிய வீடுகளில் பெரும்பாலும் கூடத்திலும் படுக்கையறையிலும் கணப்புகள் இருந்தன. அத்தகைய பழைய வீட்டை வாங்கியவர்களும் வாடகைக்கு எடுத்தவர்களும், அதை மீண்டும் மூட்டலாமா என்று கேட்கிறார்கள். நெருப்பின் முன்னே உட்காரும் இன்பத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் வீட்டைச் சூடேற்றும் கருவி என்று பார்த்தால் திறந்த கணப்பு மிக மோசமானது. விறகின் வெப்பத்தில் பெரும்பகுதி புகைபோக்கி வழியே மேலே போய்விடுகிறது. மேலே போகும் அந்தச் சூடான காற்று அறையின் காற்றையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போவதால், அதை ஈடுகட்டக் கதவிடுக்கு வழியாகவும் ஜன்னல் இடுக்கு வழியாகவும் வெளியிலிருந்து குளிர்காற்று உள்ளே வந்தபடியே இருக்கும். கணப்பின் முன்னே உட்கார்ந்திருப்பவருக்கு முகம் சுடும், முதுகு சில்லிடும்; அடுத்த அறையில் படுத்திருப்பவருக்கோ கணப்பு மூட்டாத நாளைவிடக் கூடுதலாகக் குளிரும். இதையே கண்ணாடிக் கதவு வைத்து மூடிய இரும்பு அடுப்பாக மாற்றி, குழாயைக் கூரைக்கு மேலே கொண்டுபோனால், எரிக்கும் விறகின் வெப்பத்தில் பாதிக்கு மேல் அறைக்கே கிடைக்கும். சொந்த வீடும், நல்ல நிலையில் உள்ள புகைபோக்கியும், காய்ந்த விறகை அடுக்கி வைக்கக் கொட்டகையும் உள்ளவருக்கு அது பொருந்தும். இங்கே கிடைப்பது சீகையும் (வாட்டில்) கற்பூர மரமும் (யூகலிப்டஸ்). வெட்டிய உடனே எரித்தால் புகைதான் மிஞ்சும், கரி படிந்து புகைபோக்கி அடைத்துக்கொள்ளும். குறைந்தது ஆறு மாதம் மழைபடாமல் உலர வேண்டும் என்பதால், மார்கழி விறகைப் பங்குனியிலேயே வெட்டி அடுக்கியிருக்க வேண்டும். காப்புக்காட்டிலிருந்து விறகு எடுப்பது குற்றம் என்பதால், விலைக்கு வாங்கும் செலவையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். தணல் முழுவதும் அவியுமுன் புகைபோக்கியின் மூடியைச் சாத்திவிட்டுப் படுத்தால், கரிச்சட்டியின் ஆபத்து அப்படியே திரும்பி வந்துவிடும்.

சமையல் எரிவாயுவில் எரியும் நடமாடும் ஹீட்டர்களைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மின்வெட்டுக்கு அஞ்சுபவர்கள் அவற்றையே நாடுகிறார்கள். புகைபோக்கி இல்லாத அந்த வகை, எரிவதற்கு அறையின் ஆக்சிஜனையே எடுத்துக்கொண்டு, கழிவு வாயுவையும் அறையிலேயே விடுகிறது. அதோடு பலரும் கவனிக்காத இன்னொரு கேடும் உண்டு. ஒரு கிலோ எரிவாயு எரிந்தால் ஏறக்குறைய 1.6 லிட்டர் தண்ணீர் ஆவியாக உண்டாகிறது. மணிக்கு 300 கிராம் எரிக்கும் ஹீட்டர், அரை லிட்டருக்குச் சற்றுக் குறைவான நீரை ஒவ்வொரு மணி நேரமும் அறைக் காற்றில் கலக்கிறது. அந்த ஈரம் குளிர்ந்த சுவரிலும் கண்ணாடியிலும் படிந்து வழியும். தென்மேற்குப் பருவமழையில் ஏற்கெனவே பூஞ்சை பிடித்துப்போன அலமாரிகளுக்கு இது மேலும் ஒரு தண்டனை. ஆஸ்துமா உள்ளவர்கள் வாழும் வீட்டில் இதைச் சேர்க்கவே கூடாது என்பது என் கருத்து.

ஆக, நாங்கள் வீட்டை மூடும் வழியையே தேர்ந்துகொண்டோம். இந்த மலையின் பழங்குடிகளான தோடர்களின் பழைய குடிலைப் பார்த்தவர்களுக்கு இந்த வழி புதிதாகத் தோன்றாது. கவிழ்த்த அரைவட்டம்போல் வளைந்த கூரை, தடித்த வேய்ச்சல், குனிந்தும் தவழ்ந்தும்தான் நுழைய முடியும் அளவுக்குச் சிறிய ஒரே ஒரு வாசல். சூடு எங்கே தப்பிப் போகும் என்பதை நன்கு அறிந்தவர்களின் கட்டுமானம் அது. நம் வீடுகளில் அது எங்கே தப்பிப் போகிறது என்று கண்டுபிடிக்க ஓர் ஊதுபத்தி போதும். காற்று அடிக்கும் ஒரு மாலையில் மின்விசிறிகளை நிறுத்தி, கதவு ஜன்னல்களைச் சாத்திவிட்டு, கொளுத்திய ஊதுபத்தியை ஜன்னல் சட்டத்தின் ஓரமாக மெல்ல நகர்த்திக்கொண்டு போக வேண்டும். இடுக்கில்லாத இடத்தில் புகை நூல்போல் நேராக எழும். இடுக்கு வந்ததும் சட்டென்று அறைப்பக்கமாக வளைந்து சிதறும். என் அம்மாவின் அறையில் நான் சந்தேகப்பட்டது ஜன்னலை. அங்கே புகை அவ்வளவாக அசையவில்லை. கதவின் அடியில் ஒரு விரல் நுழையும் இடைவெளியில் வளைந்தது, சீலிங் பலகைகள் சுவரைத் தொடும் விளிம்பில் வளைந்தது. எல்லாவற்றையும்விட மோசமாக, கட்டில் தலைமாட்டில் இருந்த சுவிட்சு போர்டின் ஓரத்தில் யாரோ ஊதியதுபோல் பறந்தது. கூரைக்கும் சீலிங்குக்கும் இடையே உள்ள குளிர்காற்று, ஒயர் வரும் குழாய் வழியே இறங்கி, அவர் தலையின் மேல் இரவு முழுவதும் வீசிக்கொண்டிருந்திருக்கிறது.

இந்தக் கசிவின் விலையைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். அந்த அறையின் கொள்ளளவு ஏறத்தாழ 30 கன மீட்டர். வெளியே 3 டிகிரியும் உள்ளே 17 டிகிரியும் இருக்கும்போது, அறையின் காற்று மணிக்கு மூன்று முறை மாறினால், புதிதாக வரும் காற்றைச் சூடேற்ற மட்டுமே 300 வாட்டுக்கு மேல் தேவை. அதாவது ஒரு ஹாலோஜன் ஹீட்டரின் ஏறத்தாழ முழுக் குழல் ஒன்று, வெளிவானத்தைச் சூடேற்றுவதற்கென்றே இரவெல்லாம் எரிய வேண்டும். கதவடிக்கு ரப்பர் பட்டை, ஜன்னல் சட்டத்துக்குப் பஞ்சு நாடா, குழாய்த் துளைகளுக்கு எம்-சீல் என்னும் அடைப்புப் பசை, கண்ணாடிக்கு முன்னே தரைவரை தொங்கும் தடித்த திரை, சிமெண்டுத் தரைக்குக் கயிற்றுப் பாயும் அதன் மேல் ஜமுக்காளமும் என்று செய்தோம். சீலிங்குக்கு மேலே கிளாஸ் வூல் (கண்ணாடி இழைப் பஞ்சு) விரித்ததுதான் இவற்றில் பெரிய செலவு. தெர்மக்கோல் மலிவு என்றாலும் எளிதில் தீப்பற்றும் என்பதால், ஒயர்கள் ஓடும் இடத்தில் அதைப் பரப்ப எனக்கு மனம் வரவில்லை. தகரக் கூரை மேகமற்ற இரவில் தன் சூட்டை வானத்துக்கு இழந்து, வெளிக்காற்றைவிடவும் குளிர்ந்துவிடும். உள்ளிருந்து மேலே செல்லும் ஈரக்காற்று அதில் பட்டுத் துளித்துளியாகச் சொட்டுவதும் அதனால்தான். ஆகவே தகரக் கூரை உள்ளவர்கள் முதல் பணத்தைச் சுவருக்கோ ஜன்னலுக்கோ செலவிடாமல் தலைக்கு மேலே செலவிட வேண்டும். இவ்வளவுக்கும் ஆன செலவு 6,000 ரூபாய்க்குள் அடங்கியது. ஹீட்டர் எதுவும் போடாத நிலையிலேயே, விடியற்காலை 9 டிகிரி காட்டிய வெப்பமானி 12 காட்டத் தொடங்கியது. பகலில் செய்ய வேண்டியது ஒன்றும் உண்டு. மார்கழி, தை மாதங்களில் சூரியன் தெற்கே சாய்ந்து செல்வதால், கிழக்கு ஜன்னலின் திரையைக் காலையிலும் தெற்கு ஜன்னலின் திரையை நண்பகலிலும் முழுவதும் விலக்கி, வெயில் தரையில் விழும்படி விட்டு, நான்கு மணிக்கெல்லாம் மூடிவிட வேண்டும். காசில்லாமல் கிடைக்கும் சூடு அது ஒன்றுதான்.

இனி மின்ஹீட்டர்களுக்கு வரலாம். கடைக்காரர்கள் ஒன்று மற்றொன்றைவிட மின்சாரத்தைச் சேமிக்கும் என்பார்கள். கம்பி சூடாகி வெப்பம் தரும் எந்த ஹீட்டரும் வாங்கும் மின்சாரம் முழுவதையும் வெப்பமாகவே தருகிறது. 1,000 வாட் என்றால், அது விசிறி வைத்ததாக இருந்தாலும் எண்ணெய் நிரப்பியதாக இருந்தாலும், அறைக்குக் கிடைப்பது 1,000 வாட்தான். அந்த வெப்பம் எவ்வளவு விரைவில், எங்கே போய்ச் சேருகிறது, அணைத்த பின் எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதில்தான் வேறுபாடு இருக்கிறது. விசிறி ஹீட்டர் ஐந்தே நிமிடத்தில் சிறிய அறையைச் சூடாக்கும். அணைத்த ஐந்தாவது நிமிடத்தில் பழைய குளிர் திரும்பும். காலையில் உடை மாற்றும் கால் மணி நேரத்துக்கு அது ஏற்றது, இரவெல்லாம் இரைச்சலோடு ஓடுவதற்கு ஏற்றதில்லை. ஹாலோஜன் ஹீட்டர் வெயிலைப்போல் தன் முன்னே இருப்பவரை மட்டும் சுடும். ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்து படிக்கவோ தைக்கவோ 400 வாட்டில் ஒரு குழல் போதும் என்பது அதன் சிறப்பு. ஆனால் செந்தணலாக ஒளிரும் குழலுக்கு அருகே சேலை முந்தானையோ போர்வையின் நுனியோ பட்டால் தீப்பிடிக்கும் என்பதால், முதியவர் தனியே இருக்கும் அறையில் அதை நான் வைக்க மாட்டேன்.

எண்ணெய் ஹீட்டர் மெதுவாகச் சூடாகும். படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே போட்டுவிட வேண்டும். உள்ளே இருக்கும் எண்ணெய் எரிவதில்லை, தீர்வதுமில்லை. சூட்டைத் தாங்கி வைப்பது மட்டுமே அதன் வேலை. அதனால் மின்சாரம் நின்ற பின்னும் அரை மணி நேரம் வெதுவெதுப்பு இருக்கும். இரைச்சல் இல்லை, கண்ணைக் கூசும் ஒளி இல்லை, தேவையான சூடு வந்ததும் தானே நின்று மீண்டும் தொடங்கும். 8,000 ரூபாயிலிருந்து 15,000 ரூபாய்வரை விலை என்பதும், ஈரத்துணியை அதன் மேல் காயப்போடும் ஆசை எல்லா வீட்டிலும் எழும் என்பதும் அதன் குறைகள். இரண்டாவது குறை ஹீட்டரை மூடிவிட்டு நெருப்பை வரவழைக்கக்கூடியது. தூங்கும் அறைக்கு இந்த மூன்றில் ஒன்றைத் தேர்வதானால் நான் எண்ணெய் ஹீட்டரையே சொல்வேன். ஒரு நிபந்தனை மட்டும் உண்டு. 2,000 வாட் ஹீட்டர் ஏறத்தாழ 9 ஆம்பியர் இழுக்கும். பழைய வீடுகளில் கட்டிலருகே இருக்கும் சிறிய பிளக் அதைத் தாங்காது. எக்ஸ்டென்ஷன் பெட்டியில் செருகி ஓட்டினால் ஒரு வாரத்தில் பிளாஸ்டிக் கருகும் நாற்றம் வரும். 15 ஆம்பியர் பிளக்குக்குத் தனி ஒயர் இழுத்து, எர்த்தும் மின்கசிவுப் பாதுகாப்பும் சரிபார்த்த பிறகே ஹீட்டரை வாங்க வேண்டும்.

மின்னழுத்தத்தையும் மறக்கக் கூடாது. மாலை ஏழு மணிக்கு ஒரு தெருவில் எல்லா வீடுகளிலும் ஹீட்டர் ஓடத் தொடங்கும்போது, 230 வோல்ட் 190 ஆக இறங்கிவிட்டால், 2,000 வாட் ஹீட்டர் 1,400 வாட்டுக்கும் குறைவாகவே தரும். ஹீட்டர் பழுதாகிவிட்டது என்று பலர் நினைப்பது இந்த நேரத்தில்தான்.

பில் கணக்கு இன்னும் முக்கியமானது. தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கணக்கெடுக்கிறார்கள். 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ்ப்படியில் இருக்கும் யூனிட்டுகளுக்கான கட்டணமும் சேர்ந்து உயர்கிறது. எண்ணெய் ஹீட்டர் எட்டு மணி நேரத்தில் பாதி நேரம் ஓடுவதாக வைத்துக்கொண்டாலும் இரவுக்கு 8 யூனிட், அறுபது இரவுகளுக்கு 480 யூனிட் ஆகிறது. ஃபிரிட்ஜும் கீசரும் விளக்குகளும் சேர்ந்தால் 500ஐத் தாண்டாமல் இருக்க வழியே இல்லை. இதற்கு மாறாக, எலெக்ட்ரிக் பிளாங்கெட் என்று கடையில் கேட்டால் தரும் மின்விரிப்பு, ஒருவர் படுக்கும் அளவுடையது, ஏறத்தாழ 60 வாட். எட்டு மணி நேரமும் அணைக்காமல் விட்டாலும் இரவுக்கு அரை யூனிட்டைத் தொடாது. அறுபது இரவுகளுக்கு 29 யூனிட்தான். விலையும் 1,500 முதல் 3,000 ரூபாய்க்குள். 480க்கும் 29க்கும் உள்ள இந்த இடைவெளியைக் கண்ட பிறகுதான், அறையைச் சூடேற்றுவதற்கு முன்னால் படுக்கையைச் சூடேற்ற வேண்டும் என்ற எண்ணம் எங்களுக்கு உறுதியானது. மின்வெட்டு வரும் இரவுகளிலும் இதுவே கைகொடுக்கிறது. 150 ஆம்பியர்-மணி பேட்டரி உள்ள இன்வெர்ட்டர் 2,000 வாட் ஹீட்டரை இழுக்க முடியாமல் நின்றுவிடும். 60 வாட் மின்விரிப்பை, சைன் வேவ் வகை இன்வெர்ட்டராக இருந்தால், விடியும்வரை தாங்கும்.

மின்விரிப்புக்கும் எல்லைகள் உண்டு. சர்க்கரை நோயால் கால் மரத்துப்போனவர்கள் சூட்டின் அளவை உணர மாட்டார்கள் என்பதால் கொப்புளம் வரும்வரை தெரியாது. கைக்குழந்தைக்கும், இரவில் படுக்கையை நனைக்கும் நிலையில் உள்ளவர்களுக்கும் அது ஆகாது. மடித்து வைத்தால் உள்ளே கம்பி முறியும் என்பதால் சுருட்டித்தான் வைக்க வேண்டும். என் அம்மாவுக்குச் சர்க்கரை இருப்பதால், படுப்பதற்கு அரை மணி நேரம் முன் போட்டு, அவர் படுத்ததும் அணைத்துவிடுகிறோம். அதன் பிறகு காலடியில் துணி சுற்றிய வெந்நீர்ப் பை ஒன்று. இரண்டு லிட்டர் பையில் வைக்கும் சூடு பத்தில் ஒரு பங்கு யூனிட்டுக்குச் சமம், ஆனால் கம்பளிக்குள்ளே பாதத்தருகே இருப்பதால் அதில் கொஞ்சமும் வீணாவதில்லை. உதகையின் உயரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும் என்றாலும், அதுவும் தோலை வேகவைக்கப் போதுமானது. கொதித்த தண்ணீரைச் சற்று ஆறவிட்டே பையில் ஊற்ற வேண்டும்.

ஆயினும் படுக்கை மட்டும் சூடாக இருந்தால் போதாது. குளிர் நாடுகளிலும் மிதமான நாடுகளிலும் வீட்டுக்குள் 18 டிகிரியாவது இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2018இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் கூறுகிறது. முதியவர்களுக்கு அதற்கு மேலும் தேவைப்படலாம். இரவில் இரண்டு முறை சிறுநீர் கழிக்க எழும் ஒருவர், 30 டிகிரிக் கம்பளிக்குள்ளிருந்து 10 டிகிரி அறைக்குள் கால் வைக்கும்போது இரத்த அழுத்தம் சட்டென்று உயரக்கூடும். ஆகவே எண்ணெய் ஹீட்டரையும் வாங்கினோம், ஆனால் அம்மாவின் ஓர் அறைக்கு மட்டும். மாலை எட்டு முதல் பதினொன்றுவரையும், விடியற்காலை நான்கரை முதல் ஆறரைவரையும் ஓடுகிறது. இடையில் மூடிய அறையே சூட்டைத் தாங்கிக்கொள்கிறது. கூடத்துக்கு எதுவும் வைக்கவில்லை. அங்கே கம்பளிச் சட்டையும் காலுறையும் போதும்.

குளிரும் வெப்பமும் இரண்டையும் தரும் ஏசியைப் பற்றியும் நியாயமாகச் சொல்ல வேண்டும். வெளிக்காற்றிலுள்ள வெப்பத்தை எடுத்து உள்ளே கொண்டுவந்து சேர்ப்பதால், ஒரு யூனிட் மின்சாரத்துக்கு இரண்டிலிருந்து மூன்று யூனிட்வரை வெப்பம் தரக்கூடிய ஒரே கருவி அதுதான். பல ஆண்டுகள் இங்கேயே இருக்கப் போகிறவர், பல அறைகளைச் சூடேற்ற வேண்டியவர், சொந்த வீட்டில் இருப்பவர் ஆகியோருக்கு, 40,000 ரூபாய்க்கு மேல் ஆகும் முதல் செலவு பில்லில் மெல்ல மெல்லத் திரும்பிவிடும். வெளியே வெப்பநிலை பூஜ்யத்தை நெருங்கும்போது வெளிப்பெட்டியில் பனி படிந்து, அதை உருக்க இடையிடையே நின்றுவிடும் என்பதையும், எந்த வெப்பநிலைவரை அது வேலை செய்யும் என்று பெட்டியின் விவரச்சீட்டில் பார்த்தே வாங்க வேண்டும் என்பதையும் மட்டும் நினைவில் வைக்க வேண்டும். வாடகை வீட்டில், ஓர் அறைக்காக, ஆண்டில் மூன்று மாதம் மட்டுமே தேவைப்படும் எங்களுக்கு அது பொருந்தவில்லை. சொந்த வீடாக இருந்திருந்தால் நான் அதன் பக்கம்தான் சாய்ந்திருப்பேன்.

எங்கள் வீட்டில் இன்னும் தீராமல் இருப்பது குளியலறை. முன்பு குடியிருந்தவர் விட்டுச்சென்ற 3 லிட்டர் இன்ஸ்டன்ட் கீசர் சமவெளிக்குப் போதுமானது. இங்கே 10 டிகிரியில் வரும் தண்ணீரை 40 டிகிரிக்கு ஏற்ற, அதன் 3,000 வாட் திறனுக்கு நிமிடத்துக்கு ஒன்றரை லிட்டர்கூட முடியாது. ஒரு வாளி நிறையப் பத்து நிமிடத்துக்கு மேல் ஆகிறது, அதற்குள் வாளியே ஆறிவிடுகிறது. எரிவாயு கீசர் விரைவாகத் தரும் என்றாலும், மூடிய குளியலறைக்குள் மாட்டினால் கரிச்சட்டியின் கதைதான்; வெளிச்சுவரில், திறந்த காற்றில் மாட்ட இடம் இருப்பவர்கள் மட்டும் அதை எண்ணிப் பார்க்கலாம். சூரிய வெந்நீர்ச் சாதனம் வைப்பவர்கள் தட்டைப் பலகை வகையைத் தவிர்த்துக் கண்ணாடிக் குழல் வகையை வாங்க வேண்டும். உறைபனி இரவில் தட்டைப் பலகையின் செப்புக் குழாய்க்குள் தண்ணீர் உறைந்து வெடிக்க வாய்ப்புண்டு. நாங்கள் முடிவு செய்திருப்பது 25 லிட்டர் தொட்டி உள்ள மின்கீசர். 60 டிகிரிக்குச் சூடாக்கிப் பச்சைத் தண்ணீர் கலந்தால் 40 லிட்டர் குளிக்கும் வெந்நீர், அதாவது நிறைவாக இரண்டு வாளி கிடைக்கும். அதற்கு ஒன்றரை யூனிட் ஆகும், முக்கால் மணி நேரம் காத்திருக்க வேண்டும். அம்மா வெயில் ஏறிய பிறகு பதினொரு மணிக்குக் குளிக்கிறார் என்பதால் அந்தக் காத்திருப்பு எங்களுக்குச் சிரமமில்லை. புரட்டாசி முடிவதற்குள் ஒயரிங்கை முடித்துத் தருவதாக எலெக்ட்ரீஷியன் சொல்லியிருக்கிறார். அவர் வருவதற்கு முன்னால், ஊதுபத்தியைக் கொளுத்திக்கொண்டு குளியலறைக் கதவை ஒரு முறை சுற்றிவர வேண்டும்.